நாலாவது ஷிம்

எனக்கு மூக்கின் மேல் கோபம். பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் நடந்தது புரிய வேண்டுமே என்பதற்காகச் சொல்கிறேன். என் பட்டறைக்கு வண்டி கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் வாசலில் நின்று என் முகத்தைப் பார்ப்பார்கள். முகம் சரியில்லை என்றால் "நாளைக்கு வரேன்" என்று அப்படியே திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். திட்டுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நன்றி சொல்வது மட்டும் நாக்கில் வராது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நன்றி சொல்ல வேண்டியது பொட்டலத்துக்கு. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் அது. எதைக் கேட்டாலும் எண்ணெய்க் காகிதத்தில் மடித்து, நூல் சுற்றி, மேலே எண்ணிக்கை எழுதித்தான் தருவார். எழுதும் முன் வாய்விட்டு எண்ணுவார். ஒரே ஒரு போல்ட் கேட்டாலும் "ஒண்ணு" என்று எண்ணி, மடித்து, மேலே 1 என்று எழுதுவார். அவசரத்தில் நிற்கிறவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் அவரை அண்ணே என்பேன், அவரும் என்னை அண்ணே என்பார். யார் மூத்தவர் என்று இருபது வருடமாக இருவரும் கேட்டுக்கொண்டதில்லை.

என் தங்கை டிராக் ரேஸில், அதாவது நேர்ச்சாலைப் பந்தயத்தில், கார் ஓட்டுகிறவள். வார நாட்களில் பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கால் மைல் தூரத்தைக் கண் மூடித் திறப்பதற்குள் கடப்பாள். வண்டி அவளுடையது, அதன் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் என் கைவேலை. அவள் புருஷன் ரொட்டிக்கடைக்காரர். விடியுமுன் எழுந்து மாவு பிசைகிறவர் என்பதால் பகலில் எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுவார். பந்தய மைதானத்தில், அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும், மடியில் ஹெல்மெட் பையை வைத்துக்கொண்டு குறட்டை விடுவார். ஆனால் எங்கள் வண்டியின் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டால் போதும், திடுக்கென்று எழுந்து நிற்பார்.

போன வருடம் அவர் எழுந்து நின்ற நேரத்தில் வண்டி பச்சை விளக்கில் கிளம்பி, பாதித் தூரத்தில் வாலை வீசி, ஓரத்துச் சுவரைப் பார்த்துப் பாய்ந்தது. சுவருக்கும் கதவுக்கும் ஒரு சாண் இருக்கும்போது நின்றது. அவர் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் என்னைத் தனியே அழைத்து, "மச்சான், வேகமெல்லாம் வேணாம். நேராப் போற மாதிரி பண்ணிக் குடுங்க. எனக்கு அது போதும்" என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன்.

கோளாறு டிஃபரன்ஷியலில். பின் அச்சின் நடுவே பூசணிக்காய் மாதிரி புடைத்துக்கொண்டிருக்கிறதே, அதற்குள் இருப்பது. வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதலாகவும் உள்பக்கச் சக்கரம் குறைவாகவும் சுற்ற வேண்டும். அதற்கு வழிவிடுவது அதன் வேலை. ஆனால் அதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எந்தச் சக்கரம் வழுக்குகிறதோ அதற்கே பலத்தையெல்லாம் அள்ளிக் கொடுத்துவிடும். ரேஸ் வண்டியில் இந்தத் தாராள மனசு ஆகாது. அதனால் உள்ளே இரண்டு பக்கமும் உராய்வுத் தகடுகளை அடுக்கி, நடுவில் ஸ்பிரிங் கொடுத்து, இரண்டு சக்கரத்தையும் ஒன்றோடொன்று பிணைத்து வைப்போம். எங்கள் வண்டியில் தகடுகள் தேய்ந்து பிணைப்பு தளர்ந்திருந்தது. அதைத்தான் இந்த வருடம் முழுக்கப் பிரித்து, புதுத் தகடு போட்டுக் கட்ட வேண்டும்.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. திங்களன்று பொட்டலத்தின் கடையிலிருந்து தகடுகளும் ஷிம்களும் வந்தன. ஷிம் என்பது தகடுகளுக்குப் பின்னால் போகும் மெல்லிய இரும்பு வளையம். மூன்று தாள் காகிதத்தை ஒன்றாக வைத்தால் எவ்வளவு கனமோ அவ்வளவுதான். பக்கத்துக்கு இரண்டு, ஆக நாலு. அந்த மூன்று தாள் கனத்தில்தான் பிணைப்பு இறுகுவதும் தளர்வதும் இருக்கிறது. புதுத் தகடுகளை ஒரு நாள் எண்ணெயில் ஊறவைத்துத்தான் மாட்ட வேண்டும். பொட்டலங்களைப் பிரித்து எல்லாவற்றையும் தட்டில் கவிழ்த்து, எண்ணெயை ஊற்றி மூடி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் கட்ட ஆரம்பித்தேன். இடது பக்கம் தகடு தகடாக அடுக்கி, பின்னால் இரண்டு ஷிம் போட்டு, பல்சக்கரத்தை உட்கார வைத்தேன். வலது பக்கத்துக்கு வந்தேன். தட்டில் துழாவினால் ஒரே ஒரு ஷிம்தான் கையில் வந்தது. மேஜையைத் தூக்கிப் பார்த்தேன், தரையைப் பெருக்கினேன், சட்டைப் பையைக்கூட உதறினேன். கிடைக்கவில்லை. உடனே போனை எடுத்தேன்.

"யோவ், எத்தனை ஷிம் குடுத்தே?"

"நாலுண்ணே. எண்ணித்தான் போட்டேன்."

"நீ எண்ணின லட்சணம்! மூணுதான்யா இருக்கு. ஊருக்கெல்லாம் கேக்கற மாதிரி ஒண்ணு ரெண்டுன்னு கத்தறியே, அது என்ன பாட்டா? கண்ணு தெரியலேன்னா கடையை மூடிட்டு வீட்ல உக்காரு. உன்னை மாதிரி ஆளாலதான் போன தடவை என் தங்கச்சி சுவத்துல மோதப் பார்த்தா!"

கடைசியில் சொன்னதில் துளிகூட நியாயம் இல்லை. போன வருடத் தகடு அவர் கடையில் வாங்கியதே அல்ல. கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் "கொண்டு வரேண்ணே" என்று மட்டும் சொன்னார்.

அரை மணி நேரத்தில் சைக்கிளில் வந்தார். ஒரு பொட்டலம். மேலே 1. என் கையில் தரவில்லை, மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வலது பக்கத்தையும் கட்டினேன். இனி இரண்டு பக்கமும் அளந்து நோட்டில் எழுத வேண்டும். இருபது வருடப் பழக்கம் அது. திட்டிய கோபம் இன்னும் அடங்கவில்லை. வலது பக்கத்தை அளந்தேன், கச்சிதமாக இருந்தது, எழுதினேன். இடது பக்கத்துக்கு எதிரே, அதே தகடு, அதே ஷிம், என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது என்று 'மேற்படி' என்று எழுதி நோட்டை மூடினேன்.

புதன்கிழமை பூட்டி, ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, டார்க் ரெஞ்ச் போட்டுத் திருப்பிப் பார்த்தேன். சக்கரம் எவ்வளவு பலத்துக்கு அசைந்து கொடுக்கிறது என்று அதில் தெரியும். நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே கூடுதலாகக் காட்டியது. குறைவாகக் காட்டியிருந்தால் அப்போதே பிரித்திருப்பேன். கூடுதல் என்றதும் உச்சி குளிர்ந்துபோயிற்று. 'எவன் கட்டினது!' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல செய்தியை யார் சந்தேகப்படுவார்கள்?

சனிக்கிழமை தங்கை தெருவில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தாள்.

"அண்ணா, திரும்பறப்ப இடது பக்கம் கடக் கடக்குன்னு பிடிக்குதே."

"புதுத் தகடு அப்படித்தான் பிடிக்கும். உன் பல்லு படத்தை நீ பாரு, என் வேலையை நான் பாக்கறேன்."

அவள் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். என்னிடம் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஞாயிறு காலை மைதானத்துக்குப் போகும் வழியில் என் போன் அடித்தது. பொட்டலம். இத்தனை நாள் கழித்துச் சண்டைக்கு வருகிறாரா என்று கட் பண்ணினேன். மறுபடி அடித்தது, மறுபடி கட் பண்ணினேன். மொத்தம் நாலு தடவை. அதன் பிறகு போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

தகுதிச் சுற்று பத்து மணிக்கு. அதில் ஓடினால்தான் மாலைப் போட்டியில் இடம். எங்களுக்கு முன்னால் ஆறு வண்டிகள் இருந்தன. தங்கை பெல்ட் மாட்டி, ஹெல்மெட்டோடு உள்ளே உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை நாற்காலியில் நல்ல தூக்கத்தில் இருந்தார். அப்போது கேட்டுப் பக்கம் ஒரே சத்தம். பாஸ் இல்லாமல் உள்ளே வரக்கூடாது என்று காவலாளி ஒருவரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். அவர் உதறிக்கொண்டு எங்களை நோக்கி ஓடி வந்தார். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத பொட்டலம், வேர்த்து விறுவிறுத்து, மூச்சு வாங்க என் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணே, நான் குடுத்தது நாலுதான்."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. "இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க? சரி, நாலுதான். ராஜா நீங்க. போங்க."

"அதில்லண்ணே. நாலு குடுத்தேன். மூணுதான் உங்க கையில கிடைச்சுதுன்னா அந்த ஒண்ணு எங்க போச்சு? நீங்க ஷிம்மை எண்ணெயில போட்டீங்களா?"

"போட்டேன். அதுக்கென்ன?"

"தகட்டை மட்டும்தாண்ணே ஊறப் போடணும். ஷிம் மெல்லிசு. எண்ணெயில கிடந்தா ரெண்டு ஒட்டிக்கிட்டு ஒண்ணு மாதிரி ஆயிடும், நகத்தால பிரிச்சாத்தான் தெரியும். அந்த ஒண்ணு உள்ளதாண்ணே இருக்கு. அது மேல நான் வேற ஒண்ணு கொண்டாந்து குடுத்துட்டேன்."

"அளந்துதான் மாட்டினேன்!" என்று கத்தினேன். அவர் வாயை அடைப்பதற்காக நோட்டை எடுத்துப் பக்கத்தைப் புரட்டி அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். நீட்டும்போது நானும் பார்த்தேன். வலது பக்கத்துக்கு எதிரே எண் இருந்தது. இடது பக்கத்துக்கு எதிரே மேற்படி.

இடது பக்கம் மூன்று ஷிம் இருந்தால் தகடுகள் நெரிபடும், பல்சக்கரங்கள் மூச்சுவிட இடமில்லாமல் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நிற்கும். ரெஞ்சில் கூடுதலாகக் காட்டியதும் அதுதான், திரும்பும்போது கடக்கென்றதும் அதுதான். பச்சை விளக்கில் முழு பலத்தோடு கிளம்பும்போது அந்தப் பல் உடைந்தால் ஒரு சக்கரம் நிற்கும், மற்றது தள்ளும். அதற்கப்புறம் சுவர்தான். இந்தத் தடவை ஒரு சாண் மிஞ்சும் என்று யார் சொல்ல முடியும்?

அந்த நோட்டு என் கையில்தான் இருந்தது. மூடியிருக்கலாம். மூன்று வண்டிகள்தான் பாக்கி, சுற்றிலும் எனக்குத் தெரிந்த மெக்கானிக்குகள் இருபது பேர், என்னிடம் திட்டு வாங்காதவர் அதில் யாரும் இல்லை. ஒரு கணம் எனக்கு மூடத் தோன்றியது என்பதை மறைக்க மாட்டேன். வண்டிக்குள்ளிருந்து ஹெல்மெட்டுக்குள் இரண்டு கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. பயம் எதுவும் அதில் இல்லை, நான் இருக்கும்போது அவள் எதற்குப் பயப்பட வேண்டும்?

"இறங்கும்மா" என்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். "நான் அளக்கல. அளந்த மாதிரி எழுதிட்டேன். தப்பு என்னோடது."

அவள் ஹெல்மெட்டை எடுத்தாள். பெல்ட்டைக் கழற்றி இறங்கினாள். வருடம் முழுக்கக் காத்திருந்த தகுதிச் சுற்று அவள் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. என்னை நாலு வார்த்தை கேட்பாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"இப்பவாவது சொன்னியே" என்றாள். "ஜாக்கி எங்க இருக்கு?"

வண்டியை ஓரமாகத் தள்ளித் தூக்கி நிறுத்தினோம். எண்ணெயை வடித்து, ஆக்சில்களை உருவி, டிஃபரன்ஷியலை வெளியே எடுத்தோம். பொட்டலம் தன் சட்டையைக் கழற்றித் தரையில் விரித்து, கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அதன் மேல் வரிசையாக வைத்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணிக்கொண்டே வைத்தார். இருபது வருடத்தில் முதல் தடவையாக அந்தச் சத்தம் என் காதுக்கு இதமாக இருந்தது.

இடது பக்கத்தைப் பிரித்தேன். பல்சக்கரத்தின் பற்கள் ஓரத்தில், தெருவில் ஓட்டிய ஒரே ஒரு சுற்றுக்கே, தேய்ந்து பளபளத்தன. பின்னால் இரண்டு ஷிம். முதலாவதை எடுத்து வைத்தேன். இரண்டாவதைப் பொட்டலத்திடம் கொடுத்தேன். அவர் விளிம்பில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து லேசாக நெம்பினார். ஒன்று இரண்டானது. எண்ணெய் நூலாக இழுத்தது.

அவர் அதைத் தூக்கிக் காட்டவில்லை, 'பாத்தீங்களா' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேட்டி முனையில் துடைத்து, கால்சட்டைப் பையிலிருந்த பழைய ரசீதில் மடித்து, பழக்கதோஷத்தில் பேனாவைத் தேடினார்.

ஒரு நிமிடம், வேட்டி என்று எழுதிவிட்டேன். அவர் போட்டிருந்தது கால்சட்டைதான், துடைத்தது என் துண்டில். அந்த நேரத்தில் என் கண் நிறைந்து எதுவும் ஒழுங்காகத் தெரியவில்லை என்பதை நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

மறுபடி கட்டினோம். ஷிம்மை நான் போட, அவர் எண்ண, மாப்பிள்ளை டார்ச் பிடிக்க, அளவைத் தங்கையே பார்த்தாள். இரண்டு பக்கமும் அளந்து, இரண்டு பக்கத்துக்கும் எண்களாகவே எழுதினேன். முடிக்கும்போது மணி மூன்று. தகுதிச் சுற்று முடிந்து, பட்டியலும் ஒட்டிவிட்டார்கள். அவள் பெயர் அதில் இல்லை. மைதானத்துப் பொறுப்பாளர் எங்களைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். கழுத்தில் விசிலோடு வந்து, "போட்டிக் கணக்குல வராது. ஆனா கடைசியில ஒரு தடவை தனியா ஓட்டிக்கோங்க" என்றார். அவருக்கும் இந்த இடத்தில் ஒரு கும்பிடு.

எல்லோரும் முடித்த பிறகு அவள் தனியாகக் கோட்டில் போய் நின்றாள். பச்சை விழுந்தது. மாப்பிள்ளை என் தோளைப் பிடித்த பிடியில் நாலு நாளைக்குத் தோள் வலித்தது. வண்டி கிளம்பியது. வால் அசையவில்லை. நூல் பிடித்த மாதிரி போய், கடைசிக் கோட்டைத் தாண்டி, சிறுத்துப்போய், நின்றது. தார்ச்சாலையில் இரண்டு கறுப்புக் கோடுகள், ஒன்றுக்கொன்று ஒரு விரல்கூடக் கூடாமல் குறையாமல் கிடந்தன. மாப்பிள்ளை அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கும் அழுகை வந்தது, நான் தண்ணீர் குடிப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

பொட்டலம் தன் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய்க் கறை முதுகு முழுக்க இருந்தது. அவரிடம் போனேன். நன்றி சொல்லத்தான் போனேன், வேறு கேள்விதான் வந்தது.

"நான் அவ்வளவு கேவலமாப் பேசினேன். எப்படிண்ணே வந்தீங்க?"

"நாலு நாள் உங்க மேல கோபமாத்தாண்ணே இருந்தேன்" என்றார் பட்டனைப் போட்டபடி. "இன்னைக்குக் காலைல பல்லு தேய்ச்சிட்டிருக்கறப்பத்தான், அந்த ஒண்ணு எங்க போயிருக்கும்னு தோணிச்சு. உடனே ஓடிப்போய்க் கடையைத் தொறந்தேன். டிராயர் எல்லாத்தையும் உருவித் தரையில கொட்டினேன். அலமாரியை நகர்த்திப் பார்த்தேன், குப்பைக் கூடையைக்கூடக் கவுத்துட்டேன். எங்கயாவது கிடக்கணும், நான்தான் தப்பா எண்ணியிருக்கணும்னு வேண்டிக்கிட்டே தேடினேன். ரெண்டு மணி நேரம். கிடைக்கலண்ணே. அப்புறம்தான் உங்களுக்குப் போன் அடிச்சேன்."

நாலு என்று தான் சொன்னதுதான் சரி என்று நிரூபிக்க வந்த மனிதர் என்று நினைத்திருந்தேன். தான் தப்பாக இருக்க வேண்டும் என்று தரையில் தவழ்ந்து தேடியிருக்கிறார்.

"கடையில கிடைச்சிருந்தா?" என்றேன்.

"உங்ககிட்ட வந்து மன்னிப்புக் கேட்டிருப்பேன்" என்றார். "சந்தோஷமாக் கேட்டிருப்பேண்ணே."